பாலிஷ்காரரின் கல்

மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. குடிகாரர்களை ஏசுவதிலும் அப்படித்தான். பட்டறையில் எவனாவது முந்தின நாள் வாடையோடு வந்து நின்றால் போதும், வேலையை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் தொடங்கிவிடுவார். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த உத்தமருக்குச் சில மாதமாக வயிற்றில் எதுவும் தங்கவில்லை. காலையில் தின்றது மாலையில் அப்படியே வெளியே வந்தது. குற்றவாளி யாரென்று அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "எல்லாம் இவ சமையல்தான்" என்றார்.

அந்தச் சமையலைத் தின்றுதான் தொந்தி வளர்த்தவர். மனைவி காரத்தை விட்டாள், எண்ணெயை விட்டாள், கடைசியில் வெறும் சோற்றைக் குழைத்துக் கொடுத்தாள். அதுவும் வந்தது. அவருடைய அக்கா, "தம்பிக்கு எதையோ கலந்து குடுக்கிறா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். அக்கா வீட்டுச் சாப்பாடும் தங்கவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "இவ போட்டது இன்னும் உள்ள கெடக்குதே!" என்றாளாம். என்ன மூளை! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பக்கத்து வீட்டுக்காரி இவள் கையால் தண்ணீர்கூட வாங்க மறுத்த அன்று மனைவி உட்கார்ந்து அழுதாள்.

வயிற்றில் ஏதோ அடைப்பு, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது அவர், "நான் திரும்பி வர்றப்ப நீ இந்த வீட்டுல இருக்கக் கூடாது. பெட்டியக் கட்டு" என்றார்.

அவள் கட்டினாள்.

ஆபரேஷன் முடிந்து அவர் எழுந்து உட்கார்ந்ததும், மனைவியும் அக்காவும் கட்டிலருகே இருக்க, டாக்டர் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே முட்டை அளவில் பழுப்பு நிறக் கல் ஒன்று.

"இரைப்பையிலிருந்து குடலுக்குப் போற வழிய இதுதான் அடைச்சிருந்தது. இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்ல."

அக்கா துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா? இவ போட்டதுதான்!"

"சோதிச்சுப் பார்த்தோம்மா. அரக்கு." டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "பாலிஷ்ல கலக்குறதுதானே? குடிச்சீங்களா?"

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு முனகினார்: "பாலிஷ யாரு குடிப்பா? தண்ணி ஊத்தினா அரக்கு திரிஞ்சு வந்துடும். துணியில வடிகட்டி ஸ்பிரிட்ட மட்டும்தான்..."

"ஸ்பிரிட்டும் சாராயந்தான். துணிக்குத் தப்பின அரக்கெல்லாம் வயித்துல சேர்ந்து கல்லாயிடுச்சு."

"கடையில வாங்கிக் குடிச்சாத்தான சார் குடி? இது வேலைச் சாமான்."

மனைவிக்கு நெஞ்சு கொதித்தது. இந்த ஆளுக்காகவா உப்பையும் காரத்தையும் அளந்து அளந்து போட்டேன் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்திருந்த பெட்டியை இழுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"கட்டச் சொன்னீங்களே, கட்டிட்டேன். உங்க துணிதான். நேரா உங்க அக்கா வீட்டுக்குப் போங்க. அவங்க சமையல்தான உங்களுக்கு ஒத்துக்கும்."

அக்கா வாயைத் திறக்குமுன் அந்த ஜாடியை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"இதையும் கொண்டு போங்க அண்ணி. நான் என்ன கலந்தேன்னு தெருவுல கேப்பாங்க. வீடு வீடாக் காட்டுங்க."