நாலாவது மாடியில் விசாரணை

குடும்ப நீதிமன்றத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனதற்குக் காரணம் வேறு யாருமில்லை, அதைப் பராமரிக்கும் மெக்கானிக்கேதான். மனிதர் அதை உள்ளே நின்றுகொண்டே செய்தார் என்பதுதான் விசேஷம். பதின்மூன்று வயது மகள் பக்கத்தில் நிற்கிறாள். ஏதாவது பேசலாம் என்றால் வாய்க்கு ஒன்றும் வரவில்லை. தெரிந்த ஒரே வித்தையை எடுத்துவிட்டார்.

"இந்தக் கதவு இருக்கே கண்ணு, ஓடும்போது ஒரு விரல் நுழையற அளவு விலகினாக்கூட லிஃப்ட் நின்னுடும். அவ்ளோ பத்திரம். இப்ப பாரேன்."

பார்த்தாள். நின்றது. விரலால் விலக்கிப் பிடித்திருந்த கதவை விட்டார், கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் மட்டும் அசைவேனா என்றது. நின்றால் மறுபடி கிளம்ப முரண்டு பிடிக்கிறது என்று போன முறை வந்தபோதே கண்டுபிடித்து, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட புண்ணியவானும் அவரேதான்.

உள்ளே இன்னும் இரண்டு பேர். மகளை அழைத்து வந்த தாய்மாமன். மகளின் அம்மாவுக்காக வாதாடும் வக்கீலம்மா. அம்மா படியேறி வந்துகொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அவள் லிஃப்டில் கால் வைத்ததில்லை. கேட்டால், "உங்க வேலையைப் பக்கத்துல இருந்து பாக்கறேனே, போதாதா?" என்பாள்.

தாய்மாமன் பதறிப்போய்ச் சுவரில் ஒட்டியிருந்த அவசர எண்ணைக் கூப்பிட்டான். மெக்கானிக்கின் சட்டைப் பையில் மணி அடித்தது.

"எடுக்காதீங்க மாமா, நானே வெச்சிடறேன்" என்றான். வக்கீலம்மா திரும்பிப் பார்த்ததும், "சாரி... சார்" என்று திருத்திக்கொண்டான். விவாகரத்துத் தீர்ப்பு புருஷன் பெண்டாட்டி உறவை மட்டும்தான் முறித்திருந்தது. மச்சானை என்ன செய்வதென்று அதில் ஒரு வரியும் இல்லை. அவனும் பாவம், எதைப் பார்த்து நடந்துகொள்வான்?

திருப்புளி, சாவி எல்லாம் இருந்த பையை வாசலிலேயே காவலர் வாங்கி வைத்துவிட்டார். "இன்னிக்கு நீங்க மெக்கானிக்கா வரல, கேஸ்காரரா வந்திருக்கீங்க" என்று காரணமும் சொன்னார். ஆகவே மெக்கானிக் தன் கூட்டாளிக்குப் போன் போட்டார்.

"அரை மணியில வந்துடறேன். நீங்க எங்க இருக்கீங்க?"

"உள்ளதான்."

மறுமுனையில் சிரிப்பு அடங்குகிற வரை பொறுத்திருந்து போனை வைத்தார்.

அரை மணி. ஒரு விதத்தில் அவருக்கு அது லாபம்தான். இரண்டு மாதமாக ஒரே கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. மகளின் அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய் இறங்கும் தூரம். மகளையும் கூட்டிப்போக அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறாள். தீர்ப்புப்படி மகள் அம்மாவிடம், சனிக்கிழமை மட்டும் அப்பாவுக்கு. போய்விட்டால் சனிக்கிழமையும் போச்சு. இன்று நீதிபதி மகளைத் தனியறையில் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறார். அதற்கு முன்னால் இவர் சம்மதமா, ஆட்சேபமா என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

மகளுக்குப் போக இஷ்டமா, இல்லையா? தெரிந்தால் சொல்லிவிடலாம். யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே! அவருடைய வக்கீல், "அது கோர்ட் எப்படிப் பாக்குதுங்கறதைப் பொறுத்தது" என்றார். மகளின் அம்மா, "எதுவானாலும் வக்கீல்கிட்ட பேசுங்க" என்றாள். மகளோ சனிக்கிழமை தவறாமல் "பாக்கலாம்ப்பா" என்றாள்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார். "பொண்ணுக்கு அங்க போக இஷ்டமா?"

"குழந்தைகிட்ட கேஸைப் பத்திப் பேசக்கூடாது. தெரியுமில்ல?"

"குழந்தைகிட்ட எங்க பேசினேன்? உங்ககிட்டதானே கேக்கறேன்."

"குழந்தை காதுல விழுமே."

"காதைப் பொத்திக்கச் சொல்லவா?"

"பொத்தினாலும் கேக்கும்ப்பா" என்றாள் மகள். "நீங்க ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேக்கும்."

மச்சான் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன் மாப்ளே."

அவன் மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தான். "எல்லாம் நல்லபடியா நடக்கும் மாமா... சார்."

"பொதுவா சொல்றதுன்னா," என்றார் வக்கீலம்மா, "குழந்தையோட நலன்தான் முக்கியம்."

"அது எனக்கும் தெரியும் மேடம். நலன் எந்த ஊர்ல இருக்குன்னுதான் கேக்கறேன்." வேறு வழியாக நுழையப் பார்த்தார். "சரி, கேஸை விடுங்க. ஒரு பேச்சுக்கு, ஒரு லிஃப்ட் இருக்குன்னு வெச்சுக்குங்க..."

"லிஃப்டைப் பத்தி நீங்க இப்ப பேசாம இருக்கறது நல்லது" என்றார் வக்கீலம்மா.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்தவள் பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவரும் முட்டி மடங்கி எதிரே உட்கார்ந்தார். வக்கீலம்மா இருவரையும் ஒரு நிமிஷம் பார்த்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சுவரில் இருந்த எச்சரிக்கைப் பலகையை நோக்கித் திரும்பி, தீர்ப்பு வாசிக்கிற தோரணையில் உரக்கப் படிக்கத் தொடங்கினார்: "எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது. தீப்பிடித்தால் படிகளைப் பயன்படுத்தவும்..." ஏதோ புரிந்த மாதிரி மச்சானும் போய் அவர் பக்கத்தில் நின்று, முதுகைக் காட்டியபடி கூடவே படித்தான்.

"போகணும்னு இருக்கா கண்ணு?"

"பாக்கலாம்ப்பா."

"பாக்கலாம் வேணாம்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் இப்ப எங்க எந்திரிச்சுப் போயிடப் போறேன்?"

மகள் பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"போகணும்ப்பா. இங்க சனிக்கிழமை உங்ககிட்ட அம்மாவைப் பத்திப் பேசிடாம இருக்கணும். மிச்ச நாள் அம்மாகிட்ட உங்களைப் பத்திப் பேசிடாம இருக்கணும். எனக்கு அலுத்துப்போச்சு. சனிக்கிழமை மத்தியானத்துல இருந்தே நீங்க கடிகாரத்தைத்தான் பாக்கறீங்க. லீவுக்கு வந்தா ஒரேயடியா ஒரு மாசம் உங்ககூட இருப்பேன். அதைத்தான் ஜட்ஜ்கிட்ட கேக்கப் போறேன். நீங்க வேணாம்னு சொன்னாலும் நான் இதைத்தான் சொல்வேன்."