பின்பக்கத்தில் இருந்த காற்று

சந்திரிகா ஒரு காலத்தில் கதை எழுதினாள் என்பது மந்தைவெளியில் அவள் குடியிருந்த அடுக்ககத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியப்படுத்த அவளும் மெனக்கெடவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டாவது மாடி மேடம், தண்ணீர் லாரி வராவிட்டால் முதலில் சத்தம் போடுகிறவள், அவ்வளவுதான். எழுதி முடிக்காத கதையைப் பற்றி ஊரில் தம்பட்டம் அடித்துக்கொள்ள அவள் என்ன பைத்தியமா?

அந்த வெள்ளிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தபோது, டெய்லர் குல்சும் ப்ளவுஸ் அனுப்பியிருப்பாள் என்றுதான் கதவைத் திறந்தாள். ப்ளவுஸ் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்தது குல்சுமின் மகள் ருக்சார். ப்ளஸ் ஒன் படிக்கிறவள். கூடவே இன்னொரு பெண், அவள் வகுப்புத் தோழியாம், பெயர் வர்ஷினி, ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வருகிறாளாம்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். ‘எழிலி போன தூரம்’ நீங்க எழுதினதா?” என்றாள் ருக்சார்.

சந்திரிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷமாயிற்று.

“யாரு சொன்னா?”

“நீங்க எப்பவும் காசாத்தானே குடுப்பீங்க. நேத்து மொத தடவை ஜிபே பண்ணீங்கல்ல, அம்மா போன்ல முழுப் பேரு வந்துச்சு. சந்திரிகா ஆனந்தகுமார்னு. கதையில போட்டிருந்த அதே பேரு. அம்மா மெஷினையே நிறுத்திட்டாங்க ஆன்ட்டி.”

ருக்சார் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள். புத்தகம் என்றா சொன்னேன்? பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை ஒட்டி வைப்பார்களே, அது. எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு கட்டு பரணில் கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது குல்சும் தைத்தது இது. அந்த வயதிலேயே தையல் நேராக இருந்தது.

‘விண்முற்றம்’ என்று தி. நகரிலிருந்து பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்காக ஓர் அறிவியல் வார இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் இதழுக்கு ஒரு பக்கம் சந்திரிகாவின் கதை. செவ்வாய்க்கு அருகிலிருந்து பூமிக்குத் தனியாகத் திரும்பும் எழிலி என்ற பெண்ணின் கதை. எழிலியின் கப்பலில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் நின்றுபோன இடத்தில் ‘தொடரும்’ போட்டாள். அடுத்த வாரம் பத்திரிகையையே இழுத்து மூடிவிட்டார்கள். கதை அந்தரத்தில் நின்றது, எழிலியோடு.

அதற்குப் பிறகு சந்திரிகா எழுதவில்லை. யாருக்கு எழுதுவது? படித்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு ஒரு கார்டு கூட வந்ததில்லை.

“மேடம், நாங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க குப்பத்துப் புள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டுவோம்” என்றாள் வர்ஷினி. “போன வாரம் இந்த மெஷினு நின்னு போற இடம் வரிக்கும் வந்துட்டோம். அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. அடுத்த வாரம் முடிவு சொல்றோம்னு சொல்லிக்கீறோம். நீங்கதான் சொல்லணும்.”

“அவ பத்திரமா வீட்டுக்கு வந்துட்டான்னு சொல்லிடுங்கம்மா.”

“எப்டி வந்தா?”

அது சந்திரிகாவுக்கே தெரியாது. எழுதிய அன்றைக்கும் தெரியாது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் நிறுத்தி வைத்ததுதானே அந்த இயந்திரத்தை!

“கோச்சுக்காதீங்க மேடம்” என்றாள் வர்ஷினி. “கடலுக்குப் போன போட்டு திரும்பலன்னா இன்னா ஆவும்னு எங்கப் பக்கம் சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். சும்மா வந்துட்டான்னு சொன்னா நம்ப மாட்டாங்க. காத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லணும்.”

அந்தப் பெண் அதை அழுத்திச் சொல்லவில்லை. அதனாலேயே சந்திரிகாவால் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. உண்மையாகச் சொல்ல முடியாவிட்டால் எழிலி திரும்பவில்லை என்றுதான் அந்தப் பிள்ளைகள் வைத்துக்கொள்வார்கள். வேறு எப்படி வைத்துக்கொள்வார்கள்?

“நாங்க ஒண்ணு யோசிச்சிருக்கோம் ஆன்ட்டி. ஆனா அது போதுமான்னு தெரியல” என்றாள் ருக்சார். “நீங்கதான் பின்பக்கத்துல க்ளூ குடுத்திருக்கீங்களே.”

“எந்தப் பின்பக்கம்?”

பெண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதினவளே இப்படிக் கேட்டால்?

ருக்சார் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். எழிலியின் கப்பல் பம்பரம்போல் சுழல்கிற அத்தியாயம். தாளைத் திருப்பினால், சுழலும் பொருளுக்குள் எடை எப்படி உண்டாகிறது என்று ஒரு பக்கக் கட்டுரை. கிணற்று வாளியைத் தலைக்கு மேல் வேகமாகச் சுற்றினால் தண்ணீர் கொட்டுமா என்று ஆரம்பித்திருந்தது. எழிலி ஜன்னல் வழியே சூரியனைப் பார்க்கிற அத்தியாயம். அதன் பின்னால் சூரிய ஒளி செவ்வாயை எட்டும்போது எவ்வளவு மங்கும் என்று.

“முன்னாடி கதை, திருப்பினா அதுக்கு விளக்கம். குப்பத்துலயும் ரெண்டு பக்கத்தையும்தான் படிச்சுக் காட்டுவோம். இதைப் படிச்சுட்டுத்தான் நான் ஃபர்ஸ்ட் க்ரூப் எடுத்தேன்” என்றாள் ருக்சார். “செமையா செட் பண்ணியிருக்கீங்க ஆன்ட்டி.”

சந்திரிகா எதையும் செட் பண்ணவில்லை. கதையைக் கிழித்து எடுத்தபோது தாளின் மறுபக்கமும் கூடவே வந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபக்கம் அவளுடையது அல்ல. அது ஜவஹருடையது.

புத்தகத்தை வைத்துவிட்டுப் போகும்படியும் நாளைக்குச் சொல்வதாகவும் சொல்லிப் பெண்களை அனுப்பினாள். காபி கூடக் கொடுக்கவில்லை என்பது அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது.

ஜவஹர் என்பவர் அந்தப் பத்திரிகையில் கட்டுரைப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். சந்திரிகாவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கதை என்கிற பெயரில் பிள்ளைகள் தலையில் தப்பும் தவறுமாக ஏற்றுகிறீர்கள் என்பார் அவர். உங்கள் கட்டுரையைப் படித்தால் பிள்ளைகளுக்குத் தலையணை தேவைப்படாது என்பாள் இவள். எழிலி தொட்டி நிறையத் தண்ணீர் நிரப்பிக் குளிக்கிறாள் என்று எழுதியபோது பெரிய ரகளையே நடந்தது. “விண்கப்பல்ல சொட்டுத் தண்ணிக்குக் கணக்கு மேடம்! இது என்ன குற்றாலமா?” என்று குதித்தார். ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன் என்று நின்றாள் சந்திரிகா. அடுத்த இதழில் அவள் கதைக்குப் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ‘இது நிஜம்’ என்று தலைப்பும் வைத்து எழுத ஆரம்பித்தார். அப்படியானால் அவள் எழுதுவது பொய்யா? வேண்டுமென்றே குத்துகிறார் என்று சந்திரிகா அன்றே முடிவு கட்டிவிட்டாள். அந்தப் பகுதியை அவள் ஒரு நாளும் படித்ததில்லை. தன் பக்கத்தைப் பார்ப்பாள், அச்சுப் பிழை தேடுவாள், மூடி வைத்துவிடுவாள். இப்படியும் ஒரு வீம்பு!

சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து தாளைத் திருப்பினாள்.

முதல் கட்டுரையை எரிச்சலோடு படித்தாள். இரண்டாவதில் எரிச்சலை மறந்துபோனாள். மனுஷன் தூங்கவைக்கவில்லை. எதிரே ஒரு பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு பேசுவதுபோல எழுதியிருந்தார். அதைவிட, அவள் எங்கெல்லாம் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அடித்து விட்டிருந்தாளோ அங்கெல்லாம் சரியாக ஒரு முட்டுக் கொடுத்திருந்தார். இன்னது தப்பு என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. கதையின் பெயரைக்கூட எடுக்கவில்லை.

கடைசித் தாளுக்கு வந்தாள். முன்னால், இயந்திரம் நின்றுபோய் எழிலி இருட்டைப் பார்த்தபடி இருந்தாள். திருப்பினாள். ‘பச்சைத் தண்ணீர் மூச்சு விடுமா?’ என்று தலைப்பு. மூடிய அறைக்குள் மனிதனை முதலில் வீழ்த்துவது அவனே வெளிவிட்ட காற்றுதான் என்றும், கண்ணுக்குத் தெரியாத பாசி அந்தக் காற்றைத் தின்று நல்ல காற்றைத் தரும் என்றும், மீன் தொட்டிக் கண்ணாடியில் படியும் பச்சையே அதற்கு விதை என்றும், வெளிச்சம் கிடைத்தால் அது மளமளவென்று பெருகும் என்றும் எழுதியிருந்தது. எழிலியின் கப்பலில் மீன் தொட்டி இருந்தது. மூன்றாவது அத்தியாயத்தில் அழகுக்காக வைத்துவிட்டுச் சந்திரிகா மறந்தே போன தொட்டி அது.

கைபேசியை எடுத்து, அழிக்காமலே வைத்திருந்த ஓர் எண்ணை அழுத்தினாள். ஜவஹர் அபிராமபுரத்தில்தான் இருந்தார். பக்கத்துத் தெரு மாதிரி தூரம். போனதில்லை.

“சார், நான் சந்திரிகா. விண்முற்றம் சந்திரிகா.”

“சொல்லுங்க மேடம்” என்றார், நேற்றுத்தான் பேசி வைத்தவர்போல. குரல் மட்டும் தளர்ந்திருந்தது.

“அந்தப் பச்சைத் தண்ணி கட்டுரை... நான் இன்னிக்குத்தான் சார் படிச்சேன்.”

“இன்னிக்கா? உங்களுக்காகத்தானே மேடம் எழுதினேன். அந்த மெஷினைக் கெடுத்து வெச்சுட்டீங்க. அந்தப் பொண்ணை எப்படித் திருப்பிக் கூட்டிட்டு வருவீங்கன்னு எனக்கு ராத்திரி தூக்கமே வரல. நேரா சொன்னா சண்டைக்கு வருவீங்க. சரி, பின்னாடி எழுதி வெச்சா எப்படியும் கண்ணுல படும்னு நெனச்சேன்.”

“ஒவ்வொரு வாரமுமா?”

“ஒவ்வொரு வாரமும்தான். உங்க ப்ரூஃபைப் படிச்சுட்டுத்தான் எனக்கு விஷயமே கிடைக்கும். கதையில்லாம என் கட்டுரையை எந்தப் பிள்ளை படிக்கப் போகுது?”

சந்திரிகா அழுதாள். கூச்சப்படாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். தனியாக எழுதியதாகவும், யாரும் படிக்காமலே போனதாகவும் இத்தனை காலம் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாளே. ஒரு தாள் கனத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார். இன்னொரு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் கோணி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

“ரொம்ப நன்றி சார்” என்றாள். பிறகு, குப்பத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காத்திருப்பதையும் வர்ஷினி கேட்ட கேள்வியையும் சொன்னாள். “மீன் தொட்டியை வெச்சு முடிச்சுடலாமா?”

“பத்தாது மேடம்.” குரலில் பழைய ஜவஹர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “தொட்டிப் பாசி விதைக்குத்தான் ஆகும். ஒரு ஆளு மூச்சுவிட நிறைய தண்ணி வேணும். அவ்ளோ தண்ணிக்கு விண்கப்பல்ல எங்க போறது?”

“சார்” என்றாள் சந்திரிகா மெதுவாக. “அவ குளிச்ச தண்ணி இருக்கு சார்.”

ஜவஹர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்து அடைக்கும்வரை சிரித்தார். “நல்லவேளை, நான் சொன்னதைக் கேக்காம இருந்தீங்க. கேட்டிருந்தா அந்தப் பொண்ணு செத்திருப்பா மேடம்.”

சனிக்கிழமை இரண்டு பெண்களும் வந்தபோது காபியோடு முறுக்கும் கிடைத்தது. விஷயத்தைக் கேட்ட ருக்சார் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தாள்களை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தாள். “அப்போ ரெண்டு பேரு எழுதினதா ஆன்ட்டி?” என்றாள் கடைசியில். வர்ஷினிதான் கறாராக நின்றாள். விளக்கு எரிய மின்சாரம் எங்கிருந்து என்றாள், பாசி பெருகும்வரை உள்ளே இருக்கிற காற்று தாங்குமா என்றாள், மீன் என்ன ஆனது என்றாள். ஒவ்வொன்றுக்கும் சந்திரிகா அபிராமபுரத்துக்குப் போன் போட்டாள். பதிலை ஒத்துக்கொண்ட பிறகே வர்ஷினி அடுத்த முறுக்கை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குப்பத்தில், கரையேற்றி வைத்த படகுகளின் நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மீன் விற்று முடித்த பெண்கள் சிலர் காலியான அன்னக்கூடைகளோடு ஓரமாக நின்றார்கள். ஜவஹருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. கடையை அடைத்துவிட்டு வந்திருந்த குல்சும் எல்லாருக்கும் முன்னால் மணலில் உட்கார்ந்துகொண்டாள். தொடர் நின்ற வாரம் மந்தைவெளிப் பெட்டிக்கடையில் போய் அழுதவள் அவள். முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதி முடித்த கடைசி அத்தியாயத்தை அவள்தான் படிக்க வேண்டும் என்று சந்திரிகா சொல்லிவிட்டாள்.

குல்சும் தடுமாறித் தடுமாறிப் படித்தாள். குளித்த தொட்டி நாளுக்கு நாள் பச்சையானது. மூச்சு முட்டிக் கிடந்த எழிலி ஒரு காலையில் தலைவலியில்லாமல் கண்விழித்தாள். மீனும் பிழைத்தது. கப்பல் வங்கக் கடலில் இறங்கியது. கரையில் அவள் அம்மா நின்றிருந்த இடத்துக்கு வந்தபோது குல்சுமின் குரல் உடைந்தது. மீன்கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

‘முற்றும்’ என்று படித்துவிட்டுக் குல்சும் நிமிர்ந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா” என்றது ஒரு குழந்தை. “திருப்புக்கா.”

குல்சும் தாளைத் திருப்பினாள். ‘இது நிஜம்’ என்று அங்கே ஜவஹரின் கோணல் கையெழுத்தில் இருந்தது. சந்திரிகா நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தாள்.