மருந்து கேட்கவில்லை

சுங்கச்சாவடியில் கடைசிக் கூண்டு அவளுடையது. மாற்று ஆள் வரும்வரை எழுந்திருக்க முடியாது. எழுந்தால் பின்னால் வரிசை கட்டி நிற்கும் வண்டிகள் ஹாரனிலேயே வைய ஆரம்பித்துவிடும். கழிப்பறையோ சாலையின் அந்தப் பக்கம். அதனால் வேலை நாட்களில் அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். வாய் வறண்டால் ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவாள்.

முதல்முறை சிறுநீர் கழிக்கையில் தீப்பட்டதுபோல் எரிந்தபோது, கணவனிடம் சொல்லக் கூச்சப்பட்டு நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் அவர்களோடுதான் இருந்தாள்; மருந்துக்கடையில் வேலை.

“இதுக்குப் போயா அண்ணி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? ரெண்டு வேளை போட்டா ஓடிடும்,” என்று அன்றே மாத்திரை கொண்டுவந்தாள்.

ஓடித்தான் போயிற்று. மீதி மாத்திரைகளை அவள் கைப்பையில் போட்டுவைத்து, எரிச்சல் திரும்பியபோது விழுங்கினாள். அடுத்தமுறை அவை கேட்கவில்லை. நாத்தனார் கொஞ்சம் வீரியமானதைத் தந்தாள். அதுவும் கேட்காமல் போனபோது இருவருமாகத் தெருமுனை டாக்டரிடம் போனார்கள். அவர் தலை நிமிராமலே இன்னும் வீரியமான ஒன்றை எழுதினார்.

“யூரின் டெஸ்ட் எடுக்க வேண்டாமா டாக்டர்?” என்றாள் நாத்தனார்.

“பொம்பளைங்களுக்கு வர்றதுதானம்மா. இதுக்கெல்லாம் எதுக்கு டெஸ்ட்?”

மாத்திரை மாறும், எரிச்சல் அடங்கும், மறுபடி வரும். இப்படியே காலம் ஓடியது.

மழை பெய்த ஒரு காலையில் கூண்டுக்குள்ளேயே அவளுக்குக் குளிர்நடுக்கம் கண்டது. பல் கிட்டி, கையிலிருந்த சில்லறை சிதறியது. காத்திருந்த லாரி டிரைவர் இறங்கி ஓடிவந்து, “உடம்பு கொதிக்குதே தங்கச்சி!” என்று கத்தி ஆள் கூட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரை எடுத்து, அதிலிருந்த கிருமி எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா கணவனை உட்காரவைத்துச் சொன்னார்: “கிருமி கிட்னிக்கு ஏறிடுச்சு. வழக்கமாக் குடுக்கற எந்த மருந்துக்கும் மசியல. கடைசியா ஒரு ஊசி இருக்கு. அது கிட்னியையே கெடுக்கலாம். ஆனா வேற வழியில்ல.”

“வெறும் எரிச்சல்னுதானே தங்கச்சி சொல்றா டாக்டர்? அதுக்கா இவ்வளவு?” என்றான் அவன். அந்த எரிச்சலே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

ஊசி போட்டதும் காய்ச்சல் சற்று இறங்கியது. கடை முடிந்து வந்த நாத்தனார் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள்.

“எல்லாம் என்னாலதான் அண்ணி.”

“சும்மா இருடி. நீயாவது என்ன ஏதுன்னு கேட்ட.” பிறகு சிறுநீர் இறங்கப் பொருத்தியிருந்த குழாயைக் காட்டிச் சிரித்தாள். “பாரு, ராணி மாதிரி இருக்கேன். இப்ப எழுந்திரிக்கவே வேண்டாம்.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னிக்கு ஒரு பொண்ணு வந்தா. அதே மாத்திரை கேட்டா. டாக்டரப் பாரு, டெஸ்ட் எடுன்னு கெஞ்சிப் பாத்தேன். எதிர்க்கடையில வாங்கிட்டுப் போயிட்டா. ஓனர் என்னைத்தான் திட்டினாரு.”

“பாவம், அவளுக்குத் தாங்கியிருக்காது,” என்றாள் அண்ணி.

சில நாட்களில் அவள் முகமும் காலும் வீங்கின. குழாயில் சிறுநீர் இறங்குவது நின்றது. காய்ச்சல் திரும்பவும் ஏறியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாகவும், அந்த ஊசியும் இப்போது கேட்கவில்லை என்றும் டாக்டரம்மா கணவனிடம் சொன்னார். “இனிமே குடுக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லப்பா.”

அவள் நினைவில்லாமலேயே போய்ச் சேர்ந்தாள்.

நாத்தனார் கடை வேலையை விட்டாள். அவள் நின்ற இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்தாயிற்று. அண்ணன் அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவள் பரிமாறுவாள், அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருக்கும்.