தண்ணீர் ஊற்றிய ஆறு இணைப்புகள்

1.

கிருஷ்ணராஜ் தெஹியோவிட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். பழுக்கக் காய்ந்த இரும்பைப் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வான். தேநீரை நன்றாக ஆறவிட்டே குடிப்பான். பெயரும் பழக்கங்களும் என் கற்பனை. நான் கண்டது இவ்வளவே: 1998இல் ரம்புக்கனைக்கு மேலுள்ள ஏற்றத்தில் எங்கள் புகையிரதம் சட்டென நின்றது. எட்டிப் பார்த்தேன். செங்கொடியை உயர்த்திப் பிடித்தபடி ஒருவன் தண்டவாளத்தின் நடுவே நின்றிருந்தான். அவனுடைய பெயரை நான் கேட்கவில்லை. அந்த வெட்கத்திலிருந்தே இக்கதை பிறந்தது.

2.

"அன்று அடைமழை பெய்து..." அன்று வெயில். அவ்வரியை அடித்துவிட்டேன். முந்தின நாளிலிருந்து தொடங்குகிறேன்.

தண்டவாள இணைப்புகளில் தேய்ந்த முனைகளுக்கு உலோகம் நிரப்பி, சிவக்கக் காய்ச்சி, இயந்திரத்தால் காற்று ஊதி ஆற்றுவது கிருஷ்ணராஜின் வேலை. அப்படி ஆற்றிய எஃகு சக்கரங்களின் உரசலைத் தாங்கும். (குறிப்பு: காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் பட்டால், அதே எஃகு கண்ணாடியைப் போல நொறுங்கக்கூடும். நானும் இதைப் பின்னரே படித்தறிந்தேன்.)

வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் புவாட், வண்டி வருகிறதா என்று பார்க்கக் கொடியோடு வளைவுக்கு அப்பால் சென்ற பிறகு, இயந்திரம் நின்றுவிட்டது. வண்டி வர அரை மணி நேரமே இருந்தது. தோட்டத்துப் பட்டறையில் தேயிலைச் செடிகளை வெட்டும் கவ்வாத்துக் கத்திகளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி உரமேற்றிய கைகள் அவனுடையவை. கத்திக்கு ஆனது தண்டவாளத்துக்கு ஆகாதா? வாளியை எடுத்தான். ஆறு இணைப்புகள்.

புவாட் திரும்பி வந்து வியந்தார். "அதுக்குள்ள முடிச்சிட்டியா? மெஷினுக்கு என்னடா ஓதி ஊதினாய்?"

"சும்மா போங்க சேர். கை வேகந்தான்."

3.

மறுநாட் காலை அவன் சுத்தியலால் முதல் இணைப்பைத் தட்டினான். உள்ளங்கை அளவு துண்டு தெறித்து விழுந்தது.

அவன் அதிர்ந்தான். (போதாது.) அவன் வாய் திறந்தது, ஆனால் குரல்... (இதுவும் போதாது. இரவெல்லாம் அதன்மேல் வண்டிகள் ஏறிப் போயிருந்தன. அடுத்த வண்டியில் நான் வடை தின்றுகொண்டிருந்தேன்.)

கொடியோடு ஓடினான். வண்டி நின்றது.

4.

புவாட் அந்தத் துண்டைக் கையில் புரட்டினார். "நீ ஓடல்லாட்டி எத்தின மையித்து விழுந்திருக்கும்டா! ரிப்போட்டுல பழைய வெடிப்புன்னு எழுதுறன். அடுத்த மாசம் ஒன்ன நிரந்தரமாக்க இதே போதும்."

உடைந்த முனையை மாற்றினால் வண்டி புறப்படும். மற்ற ஐந்து இணைப்புகளும் அதன் வழியிலேயே இருந்தன. அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றியதை அவன் ஒருவனே அறிவான்.

முதல் முடிவு: அவன் பேசாதிருக்கிறான், நிரந்தர நியமனம் பெறுகிறான், வண்டி இரண்டாவது இணைப்பின்மேல்... இவ்வாக்கியத்தை முடிக்க என்னால் இயலவில்லை. அந்த வண்டிக்குள் நானும் இருக்கிறேன்.

இரண்டாவது முடிவு: புவாடே கண்டுபிடிக்கிறார். இது என் கோழைத்தனம், கிழித்தெறிந்தேன்.

வாசகரே, மூன்றாவதை உங்களிடம் ஒப்படைக்கவே எண்ணியிருந்தேன். அவன் அதுவரை காத்திருக்கவில்லை.

"சேர், அப்படி எழுதாதீங்க. நேத்து மெஷினு நின்னு போச்சு. நாந்தான் தண்ணி ஊத்துனேன். மத்த அஞ்சும் அப்படித்தான். வண்டிய விடாதீங்க."

புவாடின் பேனா நின்றது. "வேல போயிரும்டா."

"தெரியும் சேர். என் பேரப் போட்டே எழுதுங்க."