நான்கு மணிக்குக் கிளம்பும் கடை

மின்விசிறிகளுக்கும் மோட்டார்களுக்கும் காயில் சுற்றித் தரும் பெண்ணின் கடை, பள்ளிக்கூடம் விடும் நான்கு மணிக்கு இடத்தில் இருப்பதில்லை. ஷட்டர், மேஜை, செம்புக் கம்பி உருளைகள், உள்ளே நிற்கும் வாடிக்கையாளர் என எல்லாவற்றோடும் பள்ளி வாசலில் போய் நிற்கும். மகள் பையோடு ஏறியதும் திரும்பிவிடும். அதுவரை இங்கே தெருவில் வெறும் சிமென்ட் தரைதான் தெரியும். ஒரு திருகாணிகூடச் சிந்தாது. சோதனைக்கு ஓடவிட்ட விசிறி, கரண்ட் இல்லாமலே அங்கேயும் சுற்றிக்கொண்டிருக்கும். ஏன் இப்படி என்று அவளுக்குப் புரியவில்லை.

காயில் சுற்றுகிறவர்கள் கைப்பிடியைச் சுழற்றும்போது சுற்றுகளை எண்ணிக்கொண்டே வர வேண்டும். எண்ணிக்கை பிசகினால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும். பள்ளி வாசல் கூச்சலில் எண்ணிக்கை நிற்குமா? காயில் கட்டக் கொடுத்த பம்பைத் திருப்பி வாங்க வந்த ஒருவரைக் காவலாளி பிடித்துக்கொண்டு எந்தக் குழந்தையைக் கூப்பிட வந்தீர்கள் என்று கேட்டதில், அவர் அதன்பின் கடைப்பக்கமே வரவில்லை. தரைதான் சரியில்லை என்று நினைத்தாள் அவள். எதிர்வரிசையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், கடையின் இரும்புச் சட்டத்தைத் தெருவிளக்குக் கம்பத்தோடு சேர்த்துப் பற்றவைத்தார். அன்று கம்பமும் கூடவே போனது. "நான் வெச்ச வெல்டு விட்டுச்சா பாரு!" என்று ஒரு வாரம் பெருமையடித்துக்கொண்டார்.

ஒருநாள் கடை திரும்பி வந்தபோது, கட்டடத்தின் சொந்தக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"என்னம்மா, தினம் காலி பண்ணிட்டுப் போறீங்க? மருந்துக்கடைக்காரர் இடம் கேக்கறாரு. அடுத்த மாசமும் இப்படின்னா அவருக்குக் கொடுத்துடுவேன்."

"நான் எங்கேங்க காலி பண்ணேன்? அதுவா போகுது."

"உங்க அண்ணன் பட்டறை போகலையே?"

அதுதான் அவளை மேலும் குழப்பியது. அண்ணன் பையனும் அதே பள்ளிதான். ஆனால் அவனைக் கூட்டிவர வீட்டில் அண்ணி இருக்கிறாள். நான்கு மணி என்பதே அண்ணனுக்குத் தெரியாது. இதைப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவளிடம் சொன்னாள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன்னுது ரோட்டோட போகுது, பரவாயில்லைக்கா. கைக்குழந்தை பசிக்கு அழுதா என்னுது எங்க அம்மா வீட்டு மூணாவது மாடிக்கு ஏறிடுது. கஸ்டமருக்குத் தலை சுத்துது, நான் பவர் கூடிடுச்சுன்னு கண்ணாடியை மாத்திக் கொடுத்துட்டிருக்கேன்."

கடை தரையில் நிற்பதில்லை, வைத்திருப்பவளின் நினைப்பில்தான் நிற்கிறது என்று இருவரும் ஒருவழியாக முடிவுக்கு வந்தார்கள். சரிதானா என்று இருவருக்கும் சந்தேகம்தான். இருந்தாலும் சேர்ந்து கடைகளுக்கு மேலிருந்த அறையை வாடகைக்கு எடுத்து, ஓர் ஆயாவை வைத்தார்கள். கைக்குழந்தை அங்கேயே தொட்டிலில் தூங்கும். பள்ளிக்கூடத்திலிருக்கும் பெரியவளை, காயில் சுற்றுகிறவளின் மகளை, ஆயா போய்க் கூட்டிவருவாள். முதல் நாள் நான்கு மணி வந்தது, போனது. இரண்டு கடைகளும் அசையவில்லை.

மறுநாள் மாடியறையைக் காணோம். படிக்கட்டு ஏறிப்போய் வானத்தில் முடிந்தது. இருவரும் கடைகளோடு ஓடினார்கள், அல்லது கடைகள் அவர்களோடு ஓடின. அதைச் சரியாகப் பார்த்தவர் இல்லை. அறை ஊர்க்கோடியில் ஆயாவின் வீட்டு வாசலில் நின்றது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பெரியவள், ஆயாவின் மகளோடு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து தனியா இருப்பாளேன்னு நெனச்சேம்மா. அவ்வளவுதான் நெனச்சேன்," என்றாள் ஆயா, அழாத குறையாக.

இப்போது ஆயாவின் மகளும் பள்ளி விட்டதும் மாடியறைக்கே வந்துவிடுகிறாள். அறை நிற்கிறது. அதனால் கீழே இரண்டு கடைகளும் நிற்கின்றன.