இரண்டு எண்ணும் வரை

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கெர்த்து கணினியைத் திறந்தாள். விளையாட்டுக்குள் நுழையும் முன் ஒலி அமைப்புக்குள் போய், ‘பின்னணி இரைச்சலை நீக்கு’ என்ற வரிக்கு எதிரே நான்கு வருடமாக இருந்த குறியை அழித்தாள். பிறகு உப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தாள்.

ரௌனோ இவர்களோடு ஊலு நகரில் இருந்தவரை அவன் வீட்டுச் சமையலறை மேசையில்தான் இந்தக் கதையாட்டம் நடக்கும். கதை சொல்வதும் எதிரிகளை நகர்த்துவதும் அவன் வேலை. சைமி, இல்மோ, கெர்த்து மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். சைமியின் வைத்தியச்சி லும்மே, இல்மோவின் வில்லாளி, கெர்த்துவின் கேடயக்காரி ஹார்மா. சண்டை வந்தால் ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. ஆனால் கேடயக்காரிக்கு மட்டும் ஒரு தனி உரிமை. தன் முறை வராதபோதும், ஒரு சுற்றில் ஒரு தடவை அவள் குறுக்கே பாயலாம். பக்கத்தில் நிற்பவர்மேல் விழும் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளலாம். பகடை நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கெர்த்துவுக்குத் திக்குவாய். அந்த மேசையில் அது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. ரௌனோ பகடையை எடுக்கும்போது அவள் உள்ளங்கையை மேசைமேல் வைப்பாள். எல்லோரும் நிறுத்துவார்கள். வார்த்தை வரும்போது வரும்.

நான்கு வருடம் முன்பு ரௌனோ வேலை மாறி கயானி நகருக்குப் போன பிறகு மேசை திரைக்குள் போனது. வரைபடம், வட்ட வில்லைகளாக ஆட்கள், வலப்புறம் முறைப் பட்டியல், சொடுக்கினால் உருளும் பகடை. கை வைக்க இடமில்லை. யாராவது குறுக்கே பாய்வதானால் பாயட்டும் என்று, அடியை அறிவித்ததும் ரௌனோ இரண்டு வரை எண்ணுவான். பிறகு சொடுக்குவான். அந்த இரண்டு எண்ணுக்குள் ஹார்மா எழுந்ததே இல்லை. ஆட்டத்தைப் பதிவுசெய்து கதைக்குறிப்பு எழுதுகிறவன் இல்மோ. அவன் அவளுக்குத் ‘தூங்குமூஞ்சிக் கேடயம்’ என்று பட்டம் வைத்தான். கெர்த்துவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

போன மாதம் ரௌனோ இரண்டு நாள் உட்கார்ந்து அவளுக்காக ஒரு பொத்தான் செய்தான். அழுத்தினால் எல்லோர் திரையிலும் கேடயப் படம் பளிச்சென்று வரும். அவள் வேண்டாம் என்றாள். உனக்காகத்தானே செய்தேன் என்று அவன் குரல் தாழ்ந்தது. வீம்பு என்றான் இல்மோ. இருக்கலாம் என்று அவளும் நினைத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கிற அவளுக்கு நாள் முழுக்கப் பொத்தான்கள்தான். யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. வாரத்தில் மூன்று மணி நேரம்தான் அவள் வாயைத் திறந்து பேசும் ஒருத்தியாக இருந்தாள். அதையும் ஒரு படத்திடம் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

ஆனால் நான்கு நாள் முன்பு, சும்மா கேட்கலாமென்று, இல்மோ அனுப்பிய பதிவைப் போட்டாள். ஓநாய் லும்மேமேல் பாய்ந்த இடம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் எழுத்தோடு மல்லுக்கட்டித் தொண்டை வலித்து, பகடை உருண்டதும் சொல்லாமலே விட்ட இடம் அது. பதிவில் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. மூச்சுகூட இல்லை. துடைத்து வைத்த கண்ணாடிபோல ஒரு மௌனம். அதன்பின் ரௌனோவின் குரல்: “யாரும் இல்லையா? சரி.”

இன்னும் மூன்று இடங்களைத் தேடிக் கேட்டாள். மூன்றிலும் அப்படியே. அவள் திக்கலை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து, மென்பொருள் அக்கறையாகப் பெருக்கித் தள்ளியிருந்தது. நான்கு வருடமாக அவள் முயன்றதே அவர்களுக்குத் தெரியாது. அன்று வெகுநேரம் அவள் எழுந்திருக்கவில்லை. காபி ஆறி ஆடை கட்டியது.

இப்போது மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

“கெர்த்து, என்ன சத்தம் அது? டிராக்டருக்குள்ள உக்காந்திருக்கியா?” என்றான் இல்மோ.

அது ஃபிரிட்ஜ். கூடவே பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் பனி சுரண்டுகிற சத்தமும் போய்க்கொண்டிருந்தது. இரைச்சல் நீக்கியைப் போடச் சொன்னான் ரௌனோ. போட முடியாது என்றாள் அவள். ஒருநாள்தானே, விடு என்று சைமி சமாதானம் செய்தாள்.

பாலத்தின்மேல் ஒரு கல்மனிதனோடு சண்டை தொடங்கியது. இரண்டாம் சுற்றில் லும்மேக்கு உயிர் ஒரு நூலில் தொங்கியது. கல்மனிதன் அவள் பக்கம் திரும்பினான். ஹார்மா அவளை ஒட்டி நின்றாள்.

“கல்மனிதன் லும்மேய அடிக்கிறான்,” என்றான் ரௌனோ. “ஒண்ணு.”

“க்…” என்றாள் கெர்த்து. அடைத்துக்கொண்டது. “க்… க்…”

ஃபிரிட்ஜின் உறுமலோடு சேர்ந்து அது மூன்று வீடுகளுக்கும் போனது. பட்டுப்போன மரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு ஒலி. யாரும் இதற்குமுன் திரை வழியாக அதைக் கேட்டதில்லை.

ரௌனோ ஒரு கணம் தயங்கினான். நான்கு வருடப் பழக்கம் விரலில் இருந்தது. “ரெண்டு,” என்று சொடுக்கினான்.

பகடை உருண்டு பத்தொன்பதில் நின்றது.

“…கேடயம்,” என்றாள் கெர்த்து.

லும்மேயின் வில்லைமேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. சைமி பெருமூச்சு விட்டாள். பட்டியலில் ஒளி ஒரு படி இறங்கி, கெர்த்துவின் பெயரில் மஞ்சளாக நின்றது.

“உன் முறை,” என்றான் ரௌனோ.

அவள் எதுவும் செய்யவில்லை. ஹார்மாவை நகர்த்தவில்லை. முறை முடிந்தது என்ற பொத்தானைத் தொடவில்லை. ரௌனோ நினைத்தால் அவளைத் தாண்டி அடுத்தவருக்குப் போக முடியும். ஆனால் அதை எல்லோர் கண்ணெதிரிலும் செய்ய வேண்டும்.

ஒரு நிமிடம் போயிற்று. பனி சுரண்டுகிறவர் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“லைன் கட்டாயிடுச்சா?” என்றான் இல்மோ.

“இ… இல்ல. இருக்கேன்.” பிறகு அவள் மெதுவாக, நின்று நின்று சொன்னாள். “பி… பின்னாடி போ, ரௌனோ. நான் ப… பகடைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன்.”

ஆரம்பிப்பது வேறு, சொல்வது வேறு என்றான் ரௌனோ. அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது என்பது குரலில் தெரிந்தது. விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றான். லும்மேயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அடுத்த வாரம் ஏதாவது மூலிகையோ தேவதையோ வைத்து எழுப்பிவிடுகிறேன் என்றும் சொன்னான்.

“வே… வேண்டாம். பிச்சை வேண்டாம்.” அடுத்த வார்த்தைக்கு வெகுநேரம் பிடித்தது. யாரும் அதை முடித்துக் கொடுக்கவில்லை. “இல்மோ ‘ஏய்’னு க… கத்தினா நீ நிறுத்துவே. ‘ஏய்’க்கு என்ன அர்த்தம்? ஒண்ணுமில்ல. அ… அப்புறம்தான் என்ன செய்யறதுன்னே யோசிப்பான். நான் சொன்ன ‘க்’ அ… அதைவிடக் கொறஞ்சதா?”

அவளுக்கு அவசரமில்லை. மௌனத்தில் உட்காருவது அவளுக்குத் தெரிந்த வேலை. மற்ற மூன்று பேருக்கும் அது புதிது. யாரோ நாற்காலியில் நெளிகிற சத்தம் கேட்டது. யாரோ கோப்பையை வைத்தார்கள்.

“அது நிசந்தான் ரௌனோ,” என்றான் இல்மோ கடைசியில். “போன வாரம் ‘ஏய்’னுட்டு அரை நிமிஷம் புஸ்தகத்தப் பொரட்டினேன். நீ காத்திட்டிருந்தே.” பிறகு குரலை இறக்கி, “நீ எப்பவுமே இப்பிடித்தான் சொல்லிட்டிருந்தியா, கெர்த்து? ஒரு தடவகூட எங்களுக்குக் கேக்கல.”

“நா… நாலு வருஷமா.”

“அடிப்பாவி,” என்றாள் சைமி மெல்ல. “சொல்லக்கூடாதாடி?”

சொல்லிக்கொண்டேதானே இருந்தேன் என்று கெர்த்து நினைத்தாள்.

ரௌனோ தொண்டையைச் செருமினான். “பின்னாடி போனா பத்தொன்பது அப்படியே நிக்கும். மறுபடி உருட்ட மாட்டேன். அந்த அடி ஹார்மாவுக்கு. அவகிட்ட மிச்ச உயிர் பன்னெண்டுதான் இருக்கு.”

“தெ… தெரியும்.”

“ஹார்மா நீ எட்டு வருஷமா ஆடற ஆளு, கெர்த்து.”

“தெரியும்ங்கிறேன்.”

ரௌனோ பின்னோக்கிய அம்புக்குறியை அழுத்தினான். ஒளி ஒரு படி ஏறியது. லும்மேமேல் இருந்த சிவப்புக் குறி மறைந்தது.

“கல்மனிதன் லும்மேய அடிக்கிறான்,” என்றான். இந்தமுறை எண்ணவில்லை.

“க்… க்… க்…”

அவள் குறுக்குவழி தேடவில்லை. முகத்தைத் திருப்பவில்லை, வேறு சொல்லுக்குத் தாவவில்லை. தொண்டை இறுகி, தாடை நடுங்கி, முழுத் திக்கலும் திறந்த ஒலிவாங்கி வழியாக மூன்று வீடுகளுக்கும் போகட்டும் என்று விட்டாள். மூன்று வீடுகளும் காத்திருந்தன.

“கேடயம்.”

சிவப்புக் குறி ஹார்மாமேல் விழுந்தது. எட்டு வருடம். கெர்த்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது அவள் கேட்டு வாங்கிய அடி.

முறை இல்மோவிடம் போயிற்று. அவன் அம்பு விட்டான். சைமி லும்மேயைப் பாலத்தைத் தாண்டி ஓடவைத்தாள். மறுபடி கல்மனிதன் முறை வந்தது.

“வில்லாளிய அடிக்கிறான்,” என்றான் ரௌனோ. அதற்கப்புறம் பேச்சில்லை. ஃபிரிட்ஜ் மட்டும் உறுமியது.

“என்ன, உருட்டேன்,” என்றான் இல்மோ.

“இரு. கெர்த்து ஏதாவது சொல்லுவாளோ என்னவோ.”

“நா… நான்தான் செ… செ… செத்துட்டேனே.”

மூன்று பேரும் கடைசி எழுத்துவரை காத்திருந்தார்கள். பிறகுதான் சிரிப்பு வெடித்தது. ஃபிரிட்ஜ் சத்தத்தை நிறுத்தச் சொல்லி இல்மோ மறுபடியும் கெஞ்சினான். அவள் அடுத்த உப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.