கும்பத்துத் தண்ணீர்

தாள் வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க இசக்கிசெல்விக்கு வயிறு எரிந்தது.

சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்த ஷைலஜா, கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, பொடிகளைப் போட்டு, மூடிக்குள் ஒரு சின்னத் தாளைச் செருகி மூடி வைத்திருந்தாள். தண்ணீரில் ஆர்செனிக் விஷம் இருந்தால், கிளம்பும் ஆவி பட்டுத் தாள் மஞ்சளாகும், ரொம்ப இருந்தால் பழுப்பாகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மட்டாஞ்சேரி லைன் வீட்டுச் சனம் மொத்தமும் கிணற்றைச் சுற்றி நின்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தது. தாள் கல்லுளிமங்கனாட்டம் அசையவில்லை.

"குழப்பம் ஒண்ணும் இல்ல சேச்சி. தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஷைலஜா.

நல்ல தண்ணியாம்! மகள் ஸ்நேஹாவின் உள்ளங்கை முழுக்க அரிசிக் குருணை ஒட்டியது மாதிரி தடிப்பு. பேனா பிடித்தால் வலிக்கிறது என்று அழுகிறாள். சோப்பை மாற்று என்றார் ஒரு டாக்டர். அடுத்த டாக்டர்தான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தத் தண்ணி குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து இசக்கிசெல்வி ஆபீஸ் ஆபீஸாக நடையாய் நடந்தாள். கிணறு கெட்டது என்று தெரிந்தால்தான் அதை மூடுவார்கள், குழாய் இழுப்பார்கள். அத்தனை நடைக்கும் பலன், இந்த வெள்ளைத் தாள்.

"நான் அப்பவே பறஞ்சேன்ல சேச்சி? வெறுதே ஆளுகளப் பயப்படுத்திட்டீங்க." சுவரோரம் நின்ற பிஜு சிரித்தான்.

கிணற்றை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய மரக் குடோன். கரையான் அரிக்காமலிருக்க மரத்தைப் பச்சை மருந்துத் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட மண்ணில் அடுக்கி வைப்பார்கள். அங்கே வேலை செய்கிறவன் ஒருத்தன்கூட இந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்ததில்லை. அவர்களுக்குக் கேன் தண்ணீர் வண்டியில் வந்து இறங்கும். பணக் கொழுப்பு என்றுதான் இசக்கிசெல்வி இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

குப்பியைக் கழுவப் போன ஷைலஜா மூக்கைச் சுளித்தாள். "கிணத்துல பிளீச்சிங் பவுடர் போட்டீங்களா?"

இசக்கிசெல்வி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ராசப்பன் கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. பெரிய ஆள் வருகிறார் என்றால் தெருவைக் கூட்டி, ஓரத்தில் பவுடரால் வெள்ளைக் கோடு போடுவது அவனுக்கு ரத்தத்தில் ஊறிய வேலை. காலையில் சந்து நெடுகக் கோடு கிடந்ததை அவளும் பார்த்தாள். கிணற்றுக்குள்ளும் கை வைத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நேற்று முழுக்க அவள் இடப்பள்ளி ஹோட்டலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எல்லாருமாச் சேந்து எறைச்சுக் கழுவி விட்டோம். ஆபீசர் வரும்போது பாசி புடிச்சுக் கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றான் ராசப்பன், பெருமையாகவே.

"எறைச்ச கெணத்துல இம்புட்டுத் தண்ணி ஏது?" என்றாள் இசக்கிசெல்வி.

"பிஜு சேட்டன்தான் டேங்கர் கொண்டாந்து ஊத்துனாரு. மோட்டாரும் அவரோடதுதான். நல்ல மனுசன்."

"யோவ்! கெணத்தச் சோதிக்க ஆளக் கூட்டியாந்தா, அவன் டேங்கரச் சோதிக்க வச்சிட்டீரேய்யா!" அவள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு மூக்கம்மாள் இரண்டடி பின்னால் போனாள்.

"உதவி செஞ்சதும் குற்றமா?" என்றான் பிஜு.

ஷைலஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "பழைய தண்ணி ஊறி வந்த பிறகுதான் இனி பார்க்கணும். திரும்ப எப்ப அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியாது சேச்சி" என்று பையை மூடப் போனாள்.

பழைய தண்ணீர்! வீட்டுக் குடங்களை எல்லாம் காலையிலேயே கழுவி நிறைத்தாயிற்று. லைன் கடைசியில் இசக்கியம்மன் பீடம் இருந்தது. வெள்ளிக்கிழமை கிணற்றில் எடுத்துக் கும்பம் வைத்த தண்ணீரை அடுத்த வெள்ளிவரை மாற்ற மாட்டார்கள். பூசை முடிந்து அதைத்தான் தீர்த்தமாகக் கொடுப்பார்கள். இசக்கிசெல்வி விறுவிறுவென்று போய்த் தேங்காயையும் மாவிலையையும் எடுத்து வைத்துவிட்டுச் செம்பைத் தூக்கினாள்.

"ஏட்டி, சாமி தண்ணிய எடுக்காதட்டி!" என்று மூக்கம்மாள் பதறினாள்.

"சாமி பேர வச்சிருக்கவ நான். என்னையக் கேக்கட்டும்."

ஷைலஜா செம்புத் தண்ணீரைக் குப்பியில் பிடித்தாள். புதுத் தாள் வைத்தாள். காத்திருக்க வேண்டிய நேரம் முடிவதற்குள்ளேயே தாள் மஞ்சளாகி, மஞ்சள் கறுத்து, கடைசியில் தேயிலைக் கறை மாதிரி பழுப்பாகி நின்றது.

"கும்பத்துல மஞ்சப்பொடி போட்டிருப்பாங்க மேடம்" என்றான் பிஜு அவசரமாக.

"தாள்ல தண்ணி படவே இல்ல. ஆவிதான் பட்டிருக்கு." ஷைலஜா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு இசக்கிசெல்வியிடம் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மனசிலாச்சு சேச்சி. ஆனா கிணத்துல இருந்து எடுத்தாத்தான் ஆபீஸ்ல எடுத்துக்குவாங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்நேஹா முன்னால் வந்தாள். தாளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, கை சரியாகணும்னு எனக்கு மட்டும் ரெண்டு வாட்டி தீர்த்தம் குடுப்பீங்களே. அது இந்தத் தண்ணியா?"

ராசப்பன் நேரே கிணற்றடிக்குப் போனான். மோட்டாரைக் காலால் தள்ளிவிட்டு வாளியை இறக்கினான். நிறைந்து வந்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்க் குடோன் வாசலில், அடுக்கியிருந்த மரத்தின் மேல் ஓங்கி வீசினான். மறுபடி வந்து இறக்கினான். மூக்கம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தன் வாளியை எடுத்து வந்தாள். நேற்று மரியாதைக்காகக் கிணற்றைக் கழுவிய அத்தனை பேரும் இப்போது ஆளுக்கொரு பாத்திரத்தோடு ஓடி வந்தார்கள்.

"மேடம், சாயா போட்டுத் தாரேன். போயிராதீங்க. டேங்கர் தண்ணிய எறைச்சுட்டா எங்க கெணறு சீக்கிரம் ஊறிரும்" என்றாள் இசக்கிசெல்வி. ஷைலஜா பையை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"எடோ, என் மரமெல்லாம் நனையுது!" பிஜு வாசலில் நின்று கத்தினான்.

இசக்கிசெல்வி மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்த உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"உன் மரம் அழுகாது சேட்டா. அதுக்குத்தான மருந்து போட்டு வச்சிருக்க. அந்த மருந்தக் குடிச்ச கை இது. நல்லாப் பாரு."

அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவள் கையை இறக்கவில்லை. பின்னாலிருந்து வந்த அடுத்த வாளித் தண்ணீர் மூவரையும் நனைத்துக்கொண்டு போய் மரத்தில் விழுந்தது.